ஒட்டகச் சந்தையின் பின்வாசல்

பலெர்மோ
21.04.1996, ஞாயிறு

அன்புள்ள அம்பிகை அக்காவுக்கு,

உங்கள் தங்கை அனு எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உங்கள் கைவலி எப்படி என்று இந்த முறையாவது எழுதுங்கள். போன கடிதத்தில் கேட்டதற்குப் பதிலே இல்லை.

நிற்க. இரண்டு செய்திகள். எனது வதிவிடப் பத்திரத்தை, இங்கே பெர்மெசோ என்பார்கள், புதுப்பித்துத் தந்துவிட்டார்கள். மற்றது, அம்மா வவுனியாவில் ஆமியிடம் பாஸ் எடுத்து ஒருவாறு கொழும்புக்கு வந்துவிட்டா. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மாமியோடு நிற்கிறா. போன ஒக்டோபரில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது கையில் எடுத்த ஒரே பைதான் இப்போதும் கையில் இருக்கிறதாம். செப்டெம்பரில் நான் மூன்று கிழமை லீவில் அவவைப் பார்க்கப் போகிறேன்.

இனித்தான் முக்கியமான கதை. விமானம் துபாயில் நின்று போகும். விரும்பினால் இரண்டு நாள் இறங்கி நிற்க விசா தருவார்களாம். அங்கிருந்து உங்கள் அல் அயினுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அக்கா, ஆறு வருடம். நீங்கள் வீட்டு வேலைக்கென்று வெளிக்கிட்டபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உங்கள் சம்பளத்தால் என்னைப் படிப்பித்த ஊரை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் சிஞோரா எமிலியானாவுக்கு எண்பத்திரண்டு வயது. எங்கே போவதென்றாலும் காலையில் எதைப் பார்ப்பது, மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்காமல் வாசலைத் தாண்டமாட்டா. நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்டா:

"அந்த ஊரிலை என்ன பார்ப்பாய்?"

"என்ரை அக்காவை."

"அது பத்து நிமிஷம். மிச்ச ரெண்டு நாளும்?"

 ஆகவே உங்களைக் கேட்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளில் அங்கே என்னவெல்லாம் பார்க்கலாம்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சிஞோராவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் சுகத்தையே நினைத்திருக்கும்
தங்கை, அனு


அல் அயின்
17.05.1996

என் பட்டதாரித் தங்கைச்சிக்கு,

அக்கா எழுதுவது. கடிதம் அருளம்பலம் அண்ணையின் கடைத் தபால் பெட்டிக்கு வந்து கிடைத்தது. வழமைபோல அந்த விலாசத்துக்கே எழுது. நான் சுகம். கைவலி வெயில் காலத்தில் தெரியாது.

நீ வருகிறாய் என்று வாசித்துவிட்டுக் கடைக்குள்ளேயே இருந்துவிட்டேன். அருளம்பலம் அண்ணை பயந்துபோய், "என்ன பிள்ளை, வீட்டிலை ஏதும்?" என்று சோடா உடைத்துத் தந்தார். அவர் கிளிநொச்சி ஆள். பலசரக்குக் கடையில் நிற்கிறார். நல்ல மனிசன்.

முதல் விஷயம், சனி ஞாயிறு என்று விமான ரிக்கற் எடுத்துப்போடாதே. இங்கே வெள்ளிதான் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் மத்தியானத்தோடு எல்லாம் பூட்டு. சனியில் வந்தாயென்றால் ஊர் முழுக்க வேலையில் இருக்கும், நீ மட்டும் தெருவில் நிற்பாய்.

இது சின்ன ஊர். ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது. நகரத்துக்கு நடுவிலேயே ஈச்சந்தோட்டம், இரண்டு பக்கமும் மண் மதில், நடுவே வாய்க்காலில் தண்ணீர் ஓடும். உள்ளே போனால் பாலைவனம் என்றே தெரியாது. மண்ணால் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. ஒட்டகச் சந்தை இருக்கிறது, ஒட்டகத்தை லொறியில் ஏற்றும்போது அது போடும் சத்தம் இருக்கே, எங்கள் பெரிய மாமா கோபித்தது போல இருக்கும். ஊருக்குத் தெற்கே தனியாக ஒரு மலை. பின்னேரம் அதில் விளக்கெரிந்தால் யாரோ வானத்தில் வடம் கட்டியது போல. எல்லாம் காட்டுவேன். பயப்படாமல் வா.

உன் வரவை எண்ணும்
அக்கா


பலெர்மோ
09.06.1996, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டுமென்று கும்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சிஞோராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வானத்தில் வடம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. வியாழன், வெள்ளி என்று மாற்றிவிட்டேன். ஒரு வேடிக்கை அக்கா, இங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கெல்லாம் வியாழன் பின்னேரம்தான் விடுமுறை. அன்றைக்குப் பார்த்தால் நகரத்தின் பூங்காக்கள் முழுக்க நாங்களும் மொரீசியஸ்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும்தான். நான்கு வருடமாக உங்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் ஓய்வு கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கிழமை ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் சுடுகாற்று. பல்கணி முழுக்கச் சிவப்பு மண். காயப்போட்ட வெள்ளைத் துணிகளை மறுபடி துவைத்தேன். உங்கள் ஊர் எனக்கு முன்னரே இங்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிஞோரா நேரம் கேட்கிறா. எத்தனை மணிக்கு எங்கே, எந்த வழியால் என்று. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது இவர்களுடைய சட்டம், ஆகவே உங்கள் வீட்டு எசமானி மடத்தின் பிள்ளைகளுக்கு பாதாம் பிஸ்கற் ஒரு தகரப் பேணி வாங்கி வைத்திருக்கிறா. சின்னவள் மரியம் எப்படி? முன்பெல்லாம் கடிதத்துக்குக் கடிதம் அவள் கதைதான். இப்போது இரண்டு வருடமாக அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் உங்களோடு அந்த வீட்டில் ஓர் இரவு தங்கலாமா? ஒரு மூலை போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அனு


அல் அயின்
12.07.1996

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும். பதில் பிந்திவிட்டது, வேலை கூடிவிட்டது.

வீட்டில் தங்க வசதிப்படாது. மடத்துக்கு ஆட்கள் வருவது பிடிக்காது. மரியம் வளர்ந்துவிட்டாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சுத்தமான சின்ன ஹோட்டல் இருக்கிறது, அருளம்பலம் அண்ணை சொல்லி வைப்பார்.

நேரம் கேட்டிருந்தாய். வியாழன் பின்னேரம் நாலரைக்கு ஒட்டகச் சந்தை. பெரிய தெருவால் வராதே, சரியான தூசி. தையல் கடைகளுக்குப் பின்னால் குறுகலான ஓர் ஒழுங்கை போகும், பள்ளிக்கூட மதிலோடு திரும்பி, புல்லுக்கட்டு விற்கும் பக்கத்தால் உள்ளே வா. அங்கே நிற்பேன். முன்வாசலில் பார்க்க ஒன்றும் இல்லை.

வெள்ளி விடிய ஈச்சந்தோட்டம். ஆறு மணிக்கே போய் எட்டுக்கு முன் வந்துவிட வேண்டும், பிறகு சனம். கோட்டைக்கு வெள்ளி மத்தியானம், தொழுகை நேரம். தெருவில் ஒரு குருவியும் இருக்காது. உள்ளே போகத் தேவையில்லை, வெளியிலிருந்து பார்த்தாலே வடிவு. மலைக்கு மேலே வேண்டாம், பாதை முழுக்க வளைவு, உனக்குத் தலை சுற்றும். கீழே ஈச்சமரங்களுக்குப் பின்னால் நின்று பார்ப்போம்.

என்னோடு இருக்கும் இந்திராதேவி, மட்டக்களப்புப் பிள்ளை, உனக்கென்று மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள்.

அக்கா


பலெர்மோ
04.08.1996, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

சுகம்தானே? ரிக்கற் எடுத்தாகிவிட்டது. செப்டெம்பர் ஐந்து, வியாழன் காலை துபாய். சனி விடியக் கொழும்பு விமானம்.

நீங்கள் எழுதிய நேரங்களைப் படிக்கட்டில் வைத்துப் பிரிசிலாவிடம் சொன்னேன். மேல் வீட்டில் வேலை செய்யும் மொரீசியஸ் பெண். பாட்டன் காலத்துத் தமிழர், தமிழில் எண்ண மட்டும் தெரியும். எங்கள் கதை எல்லாம் இத்தாலியனில்தான். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"விடிய முதல் ஒரு இடம். ஊர் உறங்கேக்கை ஒரு இடம். பின்பக்கத்தாலை இன்னொரு இடம். நீங்கள் ரெண்டு பேரும் சுத்திப் பார்க்கப் போறியளோ, களவெடுக்கப் போறியளோ?"

நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்கு வந்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? சந்தையின் முன்வாசல் பூட்டியிருக்கிறதா? நான் கூச்சக்காரி என்று உங்களுக்குத் தெரியும், ஒன்றை இரண்டாம் முறை கேட்கமாட்டேன். நீங்கள் விரும்பினால் மட்டும் சொல்லுங்கள். இந்திராதேவி உங்களோடு இருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். மடம் இன்னொரு ஆளையும் வேலைக்கு எடுத்துவிட்டாவா?

எப்படியானாலும் வருவேன்.

அனு


அல் அயின்
16.08.1996

தங்கைக்கு,

சுகம். முன்வாசலில் லொறிகள் நிற்கும், அதுதான்.

வியாழன் நாலரை, புல்லுக்கட்டுப் பக்கம். அரை மணித்தியாலம் பார். நான் வராவிட்டால் நிற்காதே, ஹோட்டலுக்குப் போய்விடு. வெள்ளி விடியத் தோட்டத்தில் காண்போம். யாரிடமும் என் பெயர் சொல்லி விசாரிக்காதே. கடைத் தொலைபேசிக்கும் எடுக்காதே, அது முதலாளியின் மேசையில் இருக்கிறது.

எழுத நேரமில்லை. என்ன உடுப்போடு வருவாய் என்று அண்ணையின் விலாசத்துக்கு ஒரு போஸ்ட்காட் போடு.

அக்கா


அல் அயின்
06.09.1996, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இதை ஹோட்டல் வரவேற்பறையில் இருந்து எழுதுகிறேன். அருளம்பலம் அண்ணையிடம் கொடுத்துவிட்டுப் போவேன். நாளை விடிய விமானம்.

நேற்று நாலரைக்குப் போனேன். ஐந்து மணி தாண்டியும் நின்றேன். நீல நிற உடுப்பு, எழுதியபடியே. இரண்டு பொலிஸ்காரர் ஜீப்பில் வந்து ஆடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிட்ட வந்து வழி தவறிவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாஸ்போட்டைக் காட்டினேன். தண்ணீர்ப் போத்தல் ஒன்று தந்துவிட்டு மறுபடி ஆட்டுக்கு விலை பேசப் போய்விட்டார்.

இன்று விடிய ஆறு மணிக்குத் தோட்டம். எட்டு மணி வரைக்கும் வாய்க்கால் கரையில் இருந்தேன். தண்ணீர் நீங்கள் எழுதியது போலவே ஓடியது. மத்தியானம் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தேன். நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் செய்தேன் அக்கா. உங்களைப் பார்ப்பதை மட்டும் செய்யவில்லை. சிஞோரா சொன்ன அந்தப் பத்து நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். நீங்கள் போகவேண்டாம் என்ற வழிகளால் நடந்தேன். நீங்கள் தூசி என்று எழுதிய பெரிய தெருவில் ஒரு பொலிஸ் நிலையம் இருக்கிறது. லொறிகள் என்று எழுதிய முன்வாசலில் ஒரு பொலிஸ் ஜீப் நிற்கிறது. வளைவு என்று எழுதிய மலைப்பாதையில் தடை போட்டு அடையாள அட்டை பார்க்கிறார்கள். நீங்கள் சொன்ன ஒழுங்கைகளிலோ, ஆடு வாங்க வந்த அந்த இருவரைத் தவிர, ஒரு பொலிஸ்காரரையும் நான் காணவில்லை. அப்படி ஒரு வழியை யாரும் சும்மா கண்டுபிடிப்பதில்லை.

அருளம்பலம் அண்ணையிடம் கேட்டேன். "அவவுக்கு வேலை போலை, தங்கச்சி" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவர் பார்த்த இடத்தில், கடைச் சுவரில், ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பத்திரமில்லாமல் தங்கியிருப்பவர்கள் ஒக்டோபர் கடைசிக்குள் போய்ப் பதிந்தால், தண்டமும் சிறை மறியலும் இல்லாமல் நாட்டுக்குப் போகலாமாம்.  

பிஸ்கற் பேணியை அவரிடம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு இல்லை, உங்களுக்கு.

எனக்குக் கோபம் இல்லை.

அனு


அல் அயின்
20.09.1996

என் தங்கைச்சிக்கு,

நீ பலெர்மோவுக்குத் திரும்பி வந்து வாசிக்கத்தக்கதாக எழுதுகிறேன். சுகமாய் வந்து சேர்ந்திருப்பாய்.

நான் உன்னைப் பார்த்தேன். நாலு மணிக்கே வந்து புல்லு லொறிக்குப் பின்னால் நின்றேன். நீ ஒழுங்கையால் வந்தாய். மெலிந்து போனாய். நடை மட்டும் மாறவில்லை, காலடியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாய். கூப்பிட வாயெடுத்தேன், ஜீப் வந்தது. அதில் ஒருவன் நேரே உன்னிடம் போனான். நீ பையைத் திறந்து எதையோ கொடுத்தாய். என்னைத் தேடி வந்த இடத்தில் உன்னைப் பிடிக்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. ஓடிவிட்டேன் அனு. உன்னை அங்கே விட்டுவிட்டு ஓடினேன். வெள்ளி முழுக்க அறைக்குள் போர்வையை இழுத்துப் படுத்திருந்தேன். சனிக்கிழமை அண்ணை உன் கடிதத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அவர்கள் ஆடு வாங்க வந்தவர்கள் என்று தெரியும்.

நீ கண்டுபிடித்தது சரி. அந்த வீட்டை விட்டு இரண்டு வருடம். எனக்குத் தந்த அறைக் கதவுக்கு உள்ளே பூட்டக் கொண்டி இருக்கவில்லை. அதற்கு மேல் கேட்காதே. பாஸ்போட் அவர்களிடம். இப்போது இந்திராதேவியோடு தையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை. நாலு வீட்டில் துப்பரவு வேலை. மரியம் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுதிய கோட்டையை உள்ளே பார்த்ததில்லை. மலைக்குப் போனதில்லை. வடமும் வானமும் அறை யன்னலில் தெரிவது.

அறிவித்தல் பற்றி எனக்கும் தெரியும். அங்கே போகமாட்டேன். வேலைக்காரி சொல்லாமல் ஓடிப்போனால் வீட்டார் உடனே களவு முறைப்பாடு கொடுப்பார்கள், இங்கே வழமை அது. முறைப்பாடு இருப்பவர்களுக்கு அந்த மன்னிப்பு இல்லை, நேரே மறியல்தான். அப்படிப் போனால் அம்மாவுக்கு யார் சொல்வது?

பிஸ்கற் நல்ல ருசி. இந்திராதேவிக்கும் கொடுத்தேன்.

அக்கா


பலெர்மோ
03.10.1996, வியாழன் பின்னேரம்

அன்புள்ள என் அக்காவுக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். அம்மா சுகம், முழங்கால் வீக்கம்தான்.

அம்மா முதல் கேட்டது உங்களைத்தான். "அவள் வடிவா இருக்கிறாளோ?" ஓம் என்றேன். "ரெண்டு பேரும் எங்கை எங்கை போனியள்?" என்றா. நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றாகப் போனது போல. தோட்டத்து வாய்க்காலில் கால் வைத்துக்கொண்டு இருந்தோம் என்றேன். "ஒட்டகம் கடிக்காதோ?" என்று கேட்டா. அக்கா என்னை இழுத்துப் பிடித்தவ என்றேன். மூன்று கிழமையும் லொட்ஜுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அம்மா அந்தக் கதையைச் சொன்னா. எனக்கே சிலவேளை நடந்தது போல இருந்தது.

இனி நான் உங்களுக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். என் பெர்மெசோவை இந்த ஏப்ரிலில் அவர்கள் புதுப்பிக்கவில்லை. முதன்முதலாகத் தந்தார்கள். அதற்கு முன் மூன்று வருடத்துக்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காலம் முழுக்க நான் பொலிஸ் நிற்கும் பொலிதேயாமாச் சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்ததில்லை, சுற்றித்தான் போவேன். இந்த லிபெர்த்தாப் பகுதிப் பணக்காரப் பெண்கள் நாய் கொண்டு திரிவார்கள். நாயோடு நடக்கிறவளிடம் யாரும் பேப்பர் கேட்பதில்லை என்று கண்டுபிடித்தேன். அதன்பிறகு கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் சிஞோராவின் நாயோடுதான் போனேன். பாவம், அது கிழட்டு நாய், நடக்க மறுக்கும், தூக்கிக்கொண்டு போவேன். மொண்டெல்லோக் கடற்கரையில் கோடையில் விரித்த குடைகளைப் பற்றி உங்களுக்கு எழுதினேனே, அது போஸ்ட்காட்டில் பார்த்தது. கோடையில் அந்த பஸ்ஸில் ஏறப் பயம். நான் போனது மார்கழியில், கடலும் நானும் மட்டும்.

அதனால்தான் உங்கள் ஒழுங்கைகள் எனக்கு விளங்கின.

மன்னிப்புச் சட்டம் இங்கேயும் வந்தது. குவெஸ்தூரா என்பது பொலிஸ் தலைமையகம். அதன் வாசல் வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை பிரிசிலா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏனடி குனிஞ்சு போறாய்? அவங்களிலை முறைப்பாடு குடுக்கப் போறவள் மாதிரி நட" என்றாள். அப்படித்தான் நடந்தேன். உள்ளே இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. படம் சரியான அளவில் இல்லை, வேறு எடுத்துவா என்றார். அவ்வளவுதான். அதற்காக மூன்று வருடம் நாயைத் தூக்கித் திரிந்தேன்.

உங்கள் பயம் பொய் என்று சொல்லமாட்டேன். முறைப்பாடு இருக்கவும் கூடும். ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நாள் கடந்துவிட்டால் அறிந்தும் பயனில்லை. கொண்டி இல்லாத அறையிலிருந்து தனியே வெளிக்கிட்டவ நீங்கள். அது எனக்கு வராது. இந்திராதேவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய தெருவால் போங்கள்.

உங்கள் அனு


பலெர்மோ
10.11.1996, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்த வரியை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஒக்டோபர் முடிந்து பத்து நாள். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அருளம்பலம் அண்ணைக்கும் எழுதினேன், அவரும் பேசாமல் இருக்கிறார். தபால்காரர் மணி அடித்தால் சிஞோரா என்னைப் பார்க்கிறா, பிறகு கேட்காமல் விட்டுவிடுகிறா. இன்று மறுபடி ஷிரோக்கோ. பல்கணி சிவந்து கிடக்கிறது. கழுவாமல் விட்டிருக்கிறேன்.

நீங்கள் போகாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒரு வரி போதும். கையெழுத்து மட்டும் என்றாலும் போதும்.

அனு


வெள்ளவத்தை
22.11.1996

அன்பான தங்கைக்கு,

அக்கா எழுதுவது, அம்மாவின் கட்டில் விளிம்பில் இருந்து. அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறா. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமாய் இருப்பதற்கு வைரவருக்கு வடைமாலை வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது ஒக்டோபர் இருபத்தாறு. இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பிறகு இந்திராதேவி தன் சேலையை உடுத்துக்கொண்டு வந்து, "நான் போறன். நீங்க வாறிங்களா, இல்ல இங்கேயே இருந்து லைட்டப் பாக்கப் போறிங்களா?" என்று கேட்டாள். அவளுக்கும் பேப்பர் இல்லை என்று உனக்கு எழுதவில்லை, இல்லையா?

பெரிய தெருவால் நடந்தோம். தூசி இல்லவே இல்லை அனு. வரிசை, பதியும் கட்டடத்தைச் சுற்றிப் போயிருந்தது. காலையில் நின்றோம், பின்னேரம் உள்ளே எடுத்தார்கள். என் பெயரைக் கொம்பியூட்டரில் அடித்தார்கள். அந்தப் பெடியன் திரையைப் பார்த்த நேரம் நான் அம்மாவுக்கு யார் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு நின்றேன். நீ சொல்வாய் என்று நினைத்தேன். அவன் முத்திரை குத்தினான். என் பெயரில் ஒன்றும் இருக்கவில்லை. நான் இரண்டு வருடம் ஒளித்துத் திரிந்த முறைப்பாட்டை ஒருவரும் எழுதவே இல்லை. அதைக் கேட்டு மகிழ்ச்சி வரவில்லை. ஏதோ ஒன்றில் அடிபட்டது போல இருந்தது. அவர்கள் என்னைத் தேடவும் இல்லை.

எங்கள் இருவருக்கும் நாட்டை விட்டுப் போகும் கடுதாசி தந்தார்கள். விமானம் கிடைக்க இரண்டு கிழமைக்கு மேல் சென்றது. ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு வியாழனும் வெள்ளியும் வந்தன. அருளம்பலம் அண்ணை உனக்கு எழுதுகிறேன் என்றார், நான்தான் விடவில்லை. விமானம் ஏறும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை, உன்னையும் நம்பவைத்து ஏமாற்ற மனமில்லை. அதற்கு நீ திட்டலாம்.

அந்த இரண்டு நாளும் ஊர் பார்த்தேன். நீ செய்தது போலத் தனியாக. சந்தைக்கு முன்வாசலால் போனேன். ஜீப்பில் இருந்தவன் கொட்டாவி விட்டான். தோட்டத்துக்குப் பத்து மணிக்குப் போனேன், சனத்தோடு சனமாக. கோட்டைக்குள் போனேன். உள்ளே ஒன்றும் இல்லை அனு, ஒரு முற்றமும் ஒரு கிணறும் மட்டும். அதற்குள் ராசா இருந்த மாதிரி நினைத்துத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். மலைக்கு அண்ணை வாகனத்தில் கூட்டிப்போனார். தடையில் கடுதாசியைக் காட்டினேன். மேலே நின்று பார்த்தால் ஊர் கையளவு. நான் நடந்த ஒழுங்கைகளைத் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. பெரிய தெருக்கள் மட்டும்தான் தெரிந்தன. உனக்குத் தலை சுற்றும் என்றது மட்டும் உண்மை.

இங்கே வந்ததும் பொலிஸில் பதிவு. இந்தச் சந்தியிலும் நிற்கிறார்கள், பெயரைக் கேட்டதும் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மாமி கடற்கரைப் பக்கத்து ரயில் பாதையால் கடைக்குப் போகச் சொல்லித் தருகிறா. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காலி வீதியால், இங்கத்தைப் பெரிய தெருவால் போகிறேன். பதிவுத் துண்டை மடிக்காமல் கையில் வைத்திருக்கிறேன். இதுவும் எத்தனை நாளைக்கோ.

நேற்று அம்மா பக்கத்து அறைக்காரிக்கு எங்கள் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தா. நீயும் நானும் வாய்க்காலில் கால் வைத்துக்கொண்டிருந்தோமாம். ஒட்டகம் வந்து உன் நீல உடுப்பை மோந்து பார்த்ததாம். நீ அழ வெளிக்கிட்டாயாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி, அப்படித்தானே?" என்றா.

"ஓம் அம்மா" என்றேன்.

பலெர்மோவுக்கு நான் எப்போது வருவேனோ, வரத்தான் விடுவார்களோ தெரியாது. ஆனாலும் இரண்டு நாளில் அங்கே என்னவெல்லாம் பார்க்கலாம் என்று எழுது. எத்தனை மணி என்பதைப் பற்றிக் கவலைப்படாதே. பெரிய தெருவால் போகக்கூடிய இடங்களாக மட்டும் எழுது.

உன்
அம்பிகை அக்கா